பெடல் ஸ்டீல் கிட்டாரில் ஒரு கம்பி கத்துகிறது, இன்னொன்று முனகுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெடல் ஸ்டீல் என்பது படுக்கை வாக்கில் வைத்து, கம்பிகள்மேல் பார் என்ற உலோக உருளையை நகர்த்தி, காலால் பெடல்களையும் முழங்காலால் லீவர்களையும் அசைத்துச் சுருதியை மாற்றி வாசிக்கும் கிட்டார். அதைக் கற்க ஆரம்பித்தவர்கள் சீக்கிரமே வந்து நிற்கும் இடம் இது. கிட்டாரைச் சுருதி சேர்த்தாகிவிட்டது, பெடல்கள் வேலை செய்கின்றன, ஆனால் பத்துக் கம்பிகளும் ஒரே அளவில் ஒலிப்பதில்லை. மூன்றாவது கம்பி காதைக் குத்துகிறது, ஆறாவது மற்றவற்றை அமுக்குகிறது, பத்தாவது எங்கேயோ தூரத்தில் கேட்கிறது. உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கம்பிகளுக்குக் கீழே அவற்றின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தப் பகுதியான பிக்கப்பைத் திருகத் தோன்றும். அதைக் கடைசி வேலையாக வையுங்கள் என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்ல வருவது.

இங்கே பேசுவது ஒற்றைக் கழுத்து, பத்துக் கம்பி, இ9 என்ற சுருதி அமைப்பு கொண்ட மாணவர் கிட்டார்களைப் பற்றி. 3 பெடலும் ஒரே ஒரு முழங்கால் லீவரும் கொண்ட பழைய ஷோ-பட் மேவரிக், 3 பெடலும் 4 லீவரும் கொண்ட கார்ட்டர் ஸ்டார்ட்டர் போன்றவை இந்த வகை. விலை உயர்ந்த கிட்டாருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கம்பிகளின் வரிசையைத் தெரிந்துகொள்வது ஏன் அவசியம்?

பாதிச் சிக்கல் அந்த வரிசையிலேயே இருக்கிறது. உங்களுக்கு எட்டத்தில் இருப்பது 1-ஆம் கம்பி, மடிக்குப் பக்கத்தில் இருப்பது 10-ஆம் கம்பி. சுரங்கள் வரிசையாக எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், இ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், இ, டி, பி. வழக்கமான ஒரு செட்டில் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், 13, 15, 11, 14, 17, 20, 26, 30, 34, 36 என்று போகும்.

சாதாரண கிட்டாரில் மெல்லியதில் தொடங்கி தடித்ததில் முடியும். இங்கே எல்லாவற்றிலும் மெல்லிய கம்பி மூன்றாவதாக, தன்னைவிடத் தடித்த இரண்டுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 1962 வாக்கில் பெடல் ஸ்டீல் கலைஞர் படி எமன்ஸ் (Buddy Emmons) மேல்பக்கத்தில் இரண்டு கம்பிகளைச் சேர்த்தார். அவை இரண்டும் மூன்றாவதைவிடத் தாழ்ந்த சுரங்கள். அதனால்தான் வரிசை இப்படிக் கலைந்து நிற்கிறது. பிக்கப்பை ஒரு பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் எல்லாமே சேர்ந்து கூடும் அல்லது குறையும். மூன்றாவதை மட்டும் அது சரிசெய்யாது.

சரி, முதலில் எங்கே பார்ப்பது?

வலது கையில். பிக்குகளை (கம்பியை மீட்ட விரலில் மாட்டும் நகங்களை) கழற்றுங்கள். கட்டைவிரல் பிக்கை மட்டும் போட்டுக்கொண்டு, 10 முதல் 1 வரை ஒவ்வொரு கம்பியையும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில், நிதானமாக மீட்டுங்கள். வால்யூம் பெடலை அசைக்காதீர்கள். முடிந்தால் கிட்டாரிலிருந்து கேபிளை நேராக ஆம்பில் செருகுங்கள். முதலில் பார் வைக்காமல் ஒரு சுற்று, பிறகு 5-ஆம் ஃபிரெட்டில் (கழுத்தில் உள்ள ஐந்தாவது குறுக்குக் கோட்டில்) பார் வைத்து ஒரு சுற்று.

இந்தச் சோதனையில் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் காணாமல் போனால் கிட்டாரில் குறை இல்லை, விரல்களில்தான் வேலை இருக்கிறது. புதியவர்களின் விஷயத்தில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். பார் வைக்காதபோது மட்டும் ஒரு கம்பி மந்தமாக இருந்தால், தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டைப் பாருங்கள். பார் வைத்தபோது மட்டும் மந்தமானால் பாரையும் கம்பிகளின் மட்டத்தையும் பாருங்கள். இரண்டிலும் மந்தமாக இருந்தால் கம்பி, சேஞ்சர் (வலது முனையில் பெடலுக்கேற்பக் கம்பியை இழுக்கும் பகுதி), பிக்கப் மூன்றில் ஒன்று. இந்தப் பிரிவினை தெரியாமல் எதைத் திருகினாலும் வீண்.

காதை நம்பலாமா, அளந்து பார்க்க வேண்டுமா?

அளந்து பார்ப்பது நல்லது, ஏனென்றால் காதுக்குச் சொந்த விருப்பங்கள் உண்டு. கணினியில் ஆடாசிட்டி போன்ற இலவசப் பதிவு மென்பொருள் போதும். ஒவ்வொரு கம்பியையும் சில முறை மீட்டிப் பதிவு செய்யுங்கள். திரையில் அலையின் உயரம் தெரியும். அலை இரண்டு மடங்கு உயரமாக இருந்தால் வித்தியாசம் 6 டெசிபல். அது கண்டிப்பாகக் கவனிக்க வேண்டிய அளவு. இரண்டு மூன்று டெசிபல் வித்தியாசத்தைத் துரத்தாதீர்கள், அந்த அளவைக் கை தானாகச் சமன் செய்துகொள்ளும்.

பதிவை நேரடியாக கேபிள் வழியாக எடுங்கள். ஆம்ப் முன்னால் மைக் வைத்து எடுத்தால் ஸ்பீக்கரின் குணமும் அறையின் குணமும் சேர்ந்து பதிவாகும். இரண்டையும் தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கும், கீழே சொல்கிறேன்.

பதிவைச் சேமித்து வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே முறையில் இன்னொன்று எடுத்து ஒப்பிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

மூன்று விரலால் மீட்டும்போது கட்டைவிரல் கம்பி மட்டும் ஓங்கி ஒலிக்கிறது. ஏன்?

இ9-இல் நாம் அதிகம் மீட்டும் மூன்று கம்பிக் கூட்டங்கள் 3-4-5, 4-5-6, 5-6-8, 6-8-10. நான்கிலும் தாழ்ந்த சுரம் கட்டைவிரலுக்குப் போகிறது. கட்டைவிரல் இயல்பிலேயே பலமானது. அதில் மாட்டியிருப்பது பிளாஸ்டிக் பிக், மற்ற இரண்டிலும் உலோக பிக். ஒன்று கம்பியைத் தள்ளிவிட்டுப் போகும், மற்றவை கீழிருந்து இழுக்கும். ஆக மூன்று விரலும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

விரல் பிக்குகளின் வளைவைப் பாருங்கள். பிக்கின் தகடு விரல் நுனியைத் தழுவியபடி வளைந்து, கம்பியைத் தட்டையான முகத்தால் தொட வேண்டும். ஓரத்தால் தொட்டால் சுரண்டும் சத்தமும் மெலிந்த ஒலியும்தான் வரும். பிக் விரலில் லேசாகச் சுழன்றாலே இது நேரும். கைக்குத் தகுந்தாற்போல் இடுக்கியால் மெல்ல வளைத்து இறுக்கமாக மாட்டுங்கள். விரலில் ரத்தம் கட்டும் அளவுக்கு வேண்டாம்.

அப்புறம் ஒரு பயிற்சி. 4-5-6 கூட்டத்தை எடுத்துக்கொண்டு, மூன்றையும் ஒன்றாக மீட்டி, நடுச்சுரம் மட்டும் தனியாகத் தெரியும்படி முயன்று பாருங்கள். பிறகு மேல்சுரம், பிறகு கீழ்ச்சுரம். எந்தச் சுரத்தை வேண்டுமானாலும் முன்னுக்குக் கொண்டுவர முடிகிற கைக்கு மூன்றையும் சமமாக ஒலிக்கச் செய்வது பெரிய காரியமில்லை. பாட்டில் மெட்டு எந்தக் கம்பியில் போகிறதோ அதைத் தூக்கிக் காட்டுவதும் இதே திறமைதான், அதனால் இந்தப் பயிற்சியில் செலவிடும் நேரம் எதுவும் வீணாகாது.

தாழ்ந்த கம்பிகள், குறிப்பாக 8 முதல் 10 வரை, அடைத்தாற்போல் வருகின்றன.

உங்கள் உள்ளங்கை விளிம்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுரத்தை நிறுத்த உள்ளங்கையின் விளிம்பைக் கம்பிமேல் வைப்பது பெடல் ஸ்டீலின் அடிப்படைப் பழக்கம். கற்றுக்கொள்ளும் காலத்தில் கை கம்பியை விட்டு முழுதாக எழும்பாமலே அடுத்த சுரத்தை மீட்டிவிடும். விளிம்பு உங்கள் பக்கத்துக் கம்பிகளில்தான் தங்கும். அவை பாதி அடங்கிய நிலையிலேயே ஒலிக்கும். மேல்கம்பிகள் தப்பிவிடும்.

சோதிப்பது சுலபம். கையை நன்றாகத் தூக்கி, பத்தாவது கம்பியை மட்டும் மீட்டிப் பாருங்கள். கணீரென்று வந்தால் காரணம் கைதான். மீட்டு, அடக்கு, எழுப்பு என்று மூன்றையும் மெதுவாகப் பிரித்துப் பழகுங்கள். வேகம் பிறகு வரட்டும்.

கையைத் தூக்கியும் அடைத்தே வந்தால் கம்பி பழசாகியிருக்கும். மையக் கம்பிமேல் மெல்லிய கம்பி சுற்றிய சுற்றுக்கம்பிகள்தான் முதலில் உயிர் இழக்கும், சுற்றுகளுக்கு இடையில் வியர்வையும் அழுக்கும் புகுந்துவிடுகின்றன. கிட்டார் கைக்கு வந்ததும், குறிப்பாகப் பழைய கிட்டார் என்றால், புது செட் மாட்டிவிட்டுத்தான் வேறு எதையும் ஆராய வேண்டும்.

பார் காரணமாக இருக்குமா?

இருக்கும், நிறையவே. பத்துக் கம்பிக் கிட்டாருக்கு வழக்கமான பார் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலே, 7/8 அங்குல விட்டம் கொண்டது. அதன் எடையே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். நீங்கள் அழுத்த வேண்டியதில்லை, ஆனால் அது எல்லாக் கம்பிகளையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். புதியவர்கள் பாரின் பின்பக்கத்தை அழுத்திப் பிடிப்பார்கள், அதன் முன்நுனியான மூக்கு லேசாக எழும்பும். உடனே 1, 2, 3 கம்பிகள் மெலிந்து, ஒரு சின்ன இரைச்சலோடு ஒலிக்கும். சுட்டுவிரலைப் பாரின் மேல் நீட்டி வைத்து, மூக்குப் பக்கத்துக்கு எடை போகிறதா என்று கவனியுங்கள்.

பாரில் கீறலோ தட்டையான இடமோ இருந்தால் அது தொடும் கம்பி மட்டும் கரகரக்கும். பாரைக் கையில் சுழற்றி வேறு பக்கத்தை வைத்துப் பாருங்கள். கரகரப்பு நின்றுவிட்டால் குறை பாரில்.

மூன்றாவது கம்பி மட்டும் மெலிந்து, கிறீச்சென்று வருகிறது.

பெடல் ஸ்டீலில் தலைப்பக்கத்து நட் உருளும் நட். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சின்ன உருளை, கிணற்று உருளையில் கயிறு போவதுபோலப் பெடலை மிதிக்கும்போது கம்பி அதன்மேல் போய்வரும். நல்ல கிட்டாரில் ஒவ்வொரு உருளையின் பள்ளமும் அந்தக் கம்பியின் தடிமனுக்கு ஏற்ப வெட்டப்பட்டிருக்கும். அதன் பயன் என்னவென்றால், கம்பிகளின் மேல்பரப்பு எல்லாம் ஒரே மட்டத்தில் வரும், பார் எல்லாவற்றின்மேலும் சமமாக உட்காரும்.

உருளைகள் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தாலோ எல்லாம் ஒரே அளவாக இருந்தாலோ மூன்றாவது கம்பிதான் முதலில் அடிபடும். 15-க்கும் 14-க்கும் நடுவில் 11 இருக்கிறது. இரண்டாவதோடு ஒப்பிட்டால் அது அங்குலத்தில் ஆயிரத்தில் 4 பங்கு மெலிது, அதாவது சுமார் 0.1 மில்லிமீட்டர். சின்ன அளவுதான். ஆனால் பார் இரண்டு பக்கத்துக் கம்பிகள்மேல் தங்கிவிட்டு மூன்றாவதைச் சரியாகத் தொடாமல் போக அது போதும். நட்டுக்குப் பக்கத்தில் கம்பிகளின் குறுக்கே ஒரு எஃகு அளவுகோலை நிறுத்தி, பின்னால் விளக்கு வைத்துப் பாருங்கள். அளவுகோலுக்கும் கம்பிக்கும் இடையில் வெளிச்சம் கசிந்தால் அந்தக் கம்பி தாழ்ந்திருக்கிறது.

பழைய கிட்டாரை யாராவது சுத்தம் செய்துவிட்டு உருளைகளை வரிசை பாராமல் திரும்பப் போட்டிருப்பது உண்டு. அப்படியென்றால் சரியான இடத்துக்கு மாற்றினாலே தீர்ந்தது. நீங்கள் கழற்றினால், கழற்றும் வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கி வையுங்கள்.

இந்தக் கம்பியைப் பற்றி இன்னொன்று. 24 அங்குல நீளத்தில் ஜி ஷார்ப்புக்கு இழுக்கும்போது அது சுமார் 12.5 கிலோ இழுவையைத் தாங்குகிறது. இரண்டாவது பெடலை மிதித்து ஏ சுரத்துக்கு ஏற்றினால் 14 கிலோ. எஃகுக் கம்பியின் தாங்கும் எல்லைக்கு அது கிட்டத்தில் இருக்கிறது, அதனால்தான் அடிக்கடி அறுகிறது. தடித்த கம்பி போட்டால் சத்தம் கூடுமே என்று 12 போடுபவர்கள் உண்டு. இழுவையும் கூடும், பெடலும் கனக்கும். எல்லாவற்றையும் பார்த்தபின் கடைசியில் முயலலாம்.

பார் வைக்காமல் மீட்டும்போது மட்டும் ஒரு கம்பி செத்துக் கிடக்கிறது.

நட்டில்தான் குறை. அந்த உருளையில் அழுக்கு சேர்ந்திருக்கலாம், பள்ளம் கம்பியைவிட அகலமாக இருக்கலாம், உருளை அச்சில் ஆடலாம். கம்பியைத் தளர்த்தி, ஒதுக்கி, உருளையைச் சுத்தம் செய்து, அச்சில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள். கம்பி சுருதி முளையில் சுற்றியிருக்கும் விதத்தையும் பாருங்கள். நட்டிலிருந்து கீழ்நோக்கிச் சரிந்து போக வேண்டும். அந்தச் சரிவு குறைவாக இருந்தால் கம்பி உருளைமேல் உறுதியாக உட்காராது.

பார் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதே கம்பி மந்தமாக இருக்கிறது. புதுக் கம்பியும் மாட்டியாகிவிட்டது.

இப்போது வலது முனைக்கு வாருங்கள். அங்கே ஒவ்வொரு கம்பியும் சேஞ்சரின் ஒரு அலுமினிய விரலின் வளைந்த தலைமேல் ஏறிப் போகிறது. பெடலை மிதிக்கும்போது அந்த விரல்தான் சுழன்று கம்பியை இழுக்கிறது. பாலம் என்று தனியாக ஒன்று இல்லை, விரலின் தலையேதான் பாலம். வருடக்கணக்கில் கம்பி உரசி உரசி அந்தத் தலையில் ஒரு கோடு விழும். கோடு ஆழமானால் கம்பி கூர்மையாகப் புறப்படாமல் பள்ளத்துக்குள் படுத்துக்கொண்டு அதிரும். ஒலி மங்கும், சிலசமயம் சிதார்போல் ஒரு ஜவாரி இரைச்சல் வரும்.

கம்பியைக் கழற்றி, நகத்தை விரலின் தலைமேல் ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் கோடு இருக்கிறது. லேசான கோட்டை மிக நுண்ணிய நீர் உப்புத்தாளால், வளைவின் போக்கிலேயே, தேய்த்து மெருகூட்டலாம். தலையின் வளைவு மாறிவிடக் கூடாது, தட்டையாகிவிட்டால் முன்பைவிட மோசமாகும். தூள் சேஞ்சருக்குள் விழாமல் சுற்றிலும் துணி அடையுங்கள். ஆழமான கோடு என்றால் நீங்கள் தொடாதீர்கள், அதைப் பழுது பார்ப்பவரிடம் விடுங்கள்.

பெடலை மிதித்தவுடன் மட்டும் ஒலி மங்கினால் இதே சந்தேகம் இன்னும் உறுதியாகும். விரல் சுழலும்போது கம்பி தலையின் வேறு இடத்தில் தொடுகிறது, அந்த இடத்தில்தான் தேய்மானம்.

ஆறாவது கம்பி மற்றவற்றைவிட ஓங்கி ஒலிக்கிறது. கம்பியை மாற்றினால் சரியாகுமா?

பல சமயம் ஆகும். ஆறாவது ஜி ஷார்ப்புக்கு இரண்டு வழி உண்டு. வெறுங்கம்பியாக 20, அல்லது சுற்றுக்கம்பியாக 22. பிக்கப் உணர்வது காற்றின் அதிர்வை அல்ல, காந்தப்புலத்தில் அசையும் இரும்பை. சுற்றுக்கம்பியில் உள்ளே இருக்கும் மெல்லிய எஃகு மையம்தான் அதில் பெரும்பங்கு வகிக்கிறது. 20 வெறுங்கம்பி முழுக்கவே எஃகு, அதனால் பிக்கப்பில் பலமாகப் பதிகிறது. பக்கத்திலேயே இருக்கும் ஏழாவது சுற்றுக்கம்பி. அதனால்தான் ஆறிலிருந்து ஏழுக்குப் போகும்போது படி இறங்கினாற்போல் கேட்கிறது.

சுற்றுக்கம்பி போட்டால் அந்தப் படி மென்மையாகும், ஒலியும் சற்று இனிமையாகும் என்பது என் கருத்து. ஆனால் ஒரு விலை உண்டு. மையம் மெலிந்திருப்பதால் அதே அளவு சுருதி ஏற அது அதிகம் நீள வேண்டும். அதனால் இரண்டாவது பெடலின் நிறுத்தத்தை (கம்பி எதுவரை ஏறலாம் என்ற எல்லையை) திரும்பச் சரிசெய்ய வேண்டிவரும். மாணவர் கிட்டாரின் சேஞ்சருக்குப் போதிய ஓட்டம் இல்லாமலும் போகலாம். மாட்டிய பிறகு மிதித்துப் பார்த்து, ஏ வரை முழுதாக ஏறுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போதாவது பிக்கப்பைத் தொடலாமா?

தொடலாம். கம்பிகளின் அடிப்பரப்பிலிருந்து பிக்கப்பின் மேல்பரப்பு வரை சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் தொடங்குங்கள். இரு முனையிலும் ஒரே அளவு வையுங்கள். அமெரிக்காவில் 25 சென்ட் நாணயங்களை இடையில் செருகி அளப்பார்கள். ஒரு நாணயத்தின் தடிமன் 1.75 மில்லிமீட்டர், இரண்டு சேர்த்தால் 3.5. உங்கள் ஊரின் எந்த நாணயமும் ஆகும், தடிமனை மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

பிறகு சோதனைப் பதிவைப் பாருங்கள். தாழ்ந்த கம்பிகள் ஒட்டுமொத்தமாக ஓங்கினால் உங்கள் பக்கத்து முனையை அரைச் சுற்று இறக்குங்கள். மீண்டும் பதிவு. அரைச் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போக வேண்டாம். சில கிட்டார்களில் திருகு மேலே இருக்கும், சிலவற்றில் கீழிருந்துதான் எட்ட முடியும். திருகே இல்லாமல் பிக்கப் பலகையில் உட்கார்ந்திருந்தால், அடியில் மெல்லிய அட்டைத் துண்டுகளை வைத்து உயர்த்தலாம்.

ரொம்ப நெருக்கினால் சத்தம் கூடும், ஆனால் காந்தம் தடித்த கம்பிகளைப் பிடித்து இழுக்கும். சுரம் நீடிப்பது குறையும். நீடித்து ஒலிப்பதுதான் இந்த வாத்தியத்தின் உயிர், அதைக் கொடுத்துச் சத்தம் வாங்காதீர்கள். ஆம்பில் சத்தத்தை ஏற்ற ஒரு குமிழ் இருக்கிறது.

ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாகத் துருவத்தை ஏற்றி இறக்க முடியாதா?

பிக்கப்பில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே இருக்கும் துருவங்கள் திருகுகளாக இருந்தால் முடியும், மெதுவாகச் செய்யுங்கள். பழைய ஒற்றைச் சுருள் பிக்கப்களில் காணப்படும் அல்நிக்கோ காந்தத் தண்டுகளை மட்டும் தள்ளாதீர்கள். பலவற்றில் தலைமயிரளவு மெல்லிய, 0.06 மில்லிமீட்டர் செப்புக்கம்பி அந்தத் தண்டுகளை ஒட்டியே சுற்றப்பட்டிருக்கும். தண்டு நகர்ந்தால் கம்பி அறுந்து பிக்கப் மொத்தமாகப் போய்விடும். நீள இரும்புப் பட்டை கொண்ட பிக்கப்பில் தனித்தனித் துருவமே கிடையாது.

கம்பிகள் தண்டுகளுக்கு நேர் மேலே போகின்றனவா என்று மேலிருந்து பாருங்கள். பிக்கப் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் ஒரு ஓரத்துக் கம்பிகள் தண்டைவிட்டு விலகிச் சத்தம் குறைந்து ஒலிக்கும். தளர்த்தி நகர்த்தினால் போதும்.

வீட்டில் பத்தாவது கம்பி கேட்பதே இல்லை. ஹெட்ஃபோனில் நன்றாகக் கேட்கிறது.

அப்படியென்றால் கிட்டார் நன்றாக இருக்கிறது. பத்தாவது பி சுரம் சுமார் 123 ஹெர்ட்ஸ், மூன்றாவது ஜி ஷார்ப் 415 ஹெர்ட்ஸ். சத்தம் குறைவாக வைக்கும்போது நம் காது தாழ்ந்த அதிர்வெண்களை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அதோடு 6 அல்லது 8 அங்குல ஸ்பீக்கர் கொண்ட சின்னப் பயிற்சி ஆம்ப் சேர்ந்தால் கீழ்ச்சுரங்கள் மெலிந்துவிடும். அமெரிக்காவின் நாஷ்வில் நகர மேடைகளில் ஸ்டீல் வாசிப்பவர்கள் 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கர் ஆம்ப்களை விரும்பியது சும்மா இல்லை. பீவி நிறுவனத்தின் நாஷ்வில் 400 ஆம்பில் இருப்பது 15 அங்குலம்.

ஆம்பில் நடு அதிர்வெண்களைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். பீவி ஆம்ப்களில் பலர் 800 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்துக் குறைப்பார்கள். மேல்கம்பிகளின் குத்தல் அடங்கி, கீழ்க்கம்பிகளுக்கு இடம் கிடைக்கும்.

ஒரே ஒரு ஃபிரெட்டில் மட்டும் சுரம் உறுமுகிறது.

அறைதான். ஹெட்ஃபோனில் உறுமல் போய்விட்டால் ஆம்பை மூலையிலிருந்து நகர்த்துங்கள், தரையிலிருந்து ஒரு நாற்காலிமேல் ஏற்றுங்கள்.

வால்யூம் பெடலால் ஏற்றத்தாழ்வு வருமா?

கம்பிக்குக் கம்பி வராது, ஆனால் வருவதுபோல் கேட்கும். கால் ஒவ்வொரு மீட்டலோடும் சேர்ந்து அழுத்தினால் சில சுரங்கள் வீங்கும், சில அமுங்கும். பெடலைப் பாதித் தூரத்தில் நிறுத்தி மீட்டுங்கள், சுரம் தேயத் தேய மெல்ல அழுத்துங்கள். மீதிப் பாதி சுரத்தை நீட்டுவதற்கு. உள்ளே பொட்டன்ஷியோமீட்டர் உள்ள சாதாரணப் பெடல்கள் பாதி நிலையில் மேல் அதிர்வெண்களைக் கொஞ்சம் விழுங்கும், அதனால் மேல்கம்பிகள் மங்கலாகலாம். சோதனையின்போது கிட்டாரை நேராக ஆம்பில் செருகச் சொன்னது இதற்காகத்தான்.

கம்ப்ரெஸர் வாங்கினால் எல்லாம் சமமாகிவிடாதா?

கற்கும் காலத்தில் வேண்டாம் என்பேன். அது ஓங்கும் சுரத்தை அமுக்கும், ஆனால் கரகரக்கும் கம்பியைக் கரகரப்போடுதான் நீட்டிக் காட்டும். கை கற்க வேண்டியதை அது மறைத்தும்விடும்.

புது பிக்கப் போடலாமா?

மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்த பிறகும் பதிவில் 6 டெசிபலுக்கு மேல் இடைவெளி அப்படியே நின்றால் யோசிக்கலாம். ஒரே கம்பியில் மட்டும் இடைவெளி இருந்தால் பிக்கப்பைவிட சேஞ்சர் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். வாங்குமுன் உங்கள் கிட்டாரின் கம்பி இடைவெளியையும் பிக்கப் குழியின் நீள அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள், பத்துக் கம்பி பிக்கப்கள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை.

பழுது பார்ப்பவரிடம் எப்போது கொண்டு போவது? என்ன சொல்வது?

சேஞ்சர் விரலில் ஆழமான கோடு, விரல்கள் அச்சில் ஆடுவது, பெடலை விட்டபின் கம்பி பழைய சுருதிக்குத் திரும்பாதது, பிக்கப்பில் பாதிக் கம்பிகள் திடீரென்று மெலிந்தது. இவை நான்கும் அவர் பார்க்க வேண்டியவை. பெடல் ஸ்டீல் தெரிந்தவராகப் பாருங்கள், சாதாரண கிட்டார் மட்டும் பார்ப்பவருக்கு சேஞ்சர் புதிதாக இருக்கும். எந்தக் கம்பி, பார் வைத்தபோதா வைக்காதபோதா, எந்தப் பெடல் மிதித்தபோது, போட்டிருக்கும் கம்பிகளின் தடிமன் என்ன, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, பதிவுகளையும் கூடவே எடுத்துப் போங்கள்.